அடுத்த முனையில கேளுங்க!

குழந்தைகளே! பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறீர்களா? வந்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று ஊர்க்காரர்களுக்கே சட்டென்று சொல்ல வராது. எங்கள் ஊரில் ஒன்பது சாலைகள் வந்து சேர்கின்றன. வேலூர் சாலை, அவலூர்பேட்டை சாலை, திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை, திருக்கோவிலூர் சாலை, மணலூர்பேட்டை சாலை, தண்டராம்பட்டு சாலை, செங்கம் சாலை, காஞ்சி சாலை. எண்ணிப் பார்த்தீர்களா? சரியாக ஒன்பது. கிரிவலக் கூட்டம் பெருகும் நாட்களில் பேருந்துகளை ஊருக்கு வெளியே ஆங்காங்கே நிறுத்திவிடுவார்கள்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் என் வீடு. ஒரு பௌர்ணமி மாலை, பால் வாங்கச் செங்கம் சாலைக்கு வந்தேன். ஒரு குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு போலீஸ்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், வேலூர் பஸ் எங்க நிக்குது?"

"இப்படியே நேரா போங்க. அடுத்த முனையில ஒருத்தர் நிப்பாரு. அவரைக் கேளுங்க."

"பஸ் எங்க நிக்குதுன்னு சொல்லுங்க சார்!"

"அது இன்னிக்கு எங்க நிக்குதோ, எனக்குத் தெரியாதுங்க. வேலூர்னா இந்தப் பக்கம், அவ்வளவுதான். அடுத்த முனையில கேளுங்க."

அந்த அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 'வழி தெரியாதவரை எதற்கு இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்?' என்று முணுமுணுத்தபடி நடந்தார். எனக்கோ சிரிப்பு வந்தது. அன்று காலையில்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு 'ரூட்டர்' என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க முடியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். நான் தேடிய ரூட்டர் இதோ, காக்கிச் சட்டையும் விசிலுமாக நடுரோட்டில் நிற்கிறது!

ஆமாம் குழந்தைகளே. உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்களையும் செல்போன்களையும் இணைக்கும் இன்டர்நெட்டில் லட்சக்கணக்கான முனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு முனையிலும் ஒரு ரூட்டர் நிற்கிறது. தமிழில் 'திசைவி' என்று சொல்கிறார்கள், நல்ல சொல்தான். ஆனால் கடையில் போய்க் கேட்டால் ரூட்டர் என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வீட்டில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டியும் ஒரு சின்ன ரூட்டர்தான். பெரிய ரூட்டர்கள் அலமாரி அளவு இருக்கும். குளிரூட்டிய அறையில் வைத்திருப்பார்கள்.

சரி, இந்த ரூட்டர் யாருக்கு வழி சொல்கிறது?

பொட்டலங்களுக்கு!

நீங்கள் ஒரு படத்தை அனுப்பினால் அது முழுசாகப் போவதில்லை. கடலைக்காரர் மூட்டைக் கடலையைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுகிறாரே, அதுபோல உங்கள் கம்ப்யூட்டர் அந்தப் படத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். ஒரு பொட்டலத்தில் அதிகமாகப் போனால் 1,500 பைட்டுகள் இருக்கும். (ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தை வைத்துக்கொள்ளும் இடம்.) மூன்று லட்சம் பைட்டுகள் உள்ள படம் என்றால் இருநூறுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புகிறவர் முகவரி, போய்ச் சேர வேண்டிய முகவரி இரண்டும் ஒட்டியிருக்கும். எத்தனையாவது துண்டு என்ற எண்ணும் உள்ளே இருக்கும். பொட்டலங்கள் முன்பின்னாகப் போய்ச் சேரலாம். வேறு வேறு வழியாகவும் போகலாம். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். நடுவில் ஒன்று காணாமல் போனால்? ரூட்டர் அதைப் பற்றிக் கவலைப்படாது. இரண்டு முனைகளிலும் உள்ள கம்ப்யூட்டர்களே தங்களுக்குள் பேசி, வராத பொட்டலத்தை மறுபடி அனுப்பிக்கொள்ளும்.

முகவரி என்று சொன்னேன் அல்லவா? கம்ப்யூட்டர் முகவரி வெறும் எண்கள். நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255-க்குள். இப்படி மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டாக்க முடியும். உலக மக்கள் தொகையோ 800 கோடிக்கும் மேல்! போதவில்லை. அதனால் மிக நீளமான புதுவகை முகவரியும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. இன்னொரு தந்திரமும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேருக்கும் ஒரே கதவு எண்தானே? தபால்காரர் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார், பாட்டி உள்ளே பிரித்துக் கொடுப்பார். உங்கள் வீட்டு வைஃபை பெட்டி அந்தப் பாட்டி வேலையைச் செய்கிறது.

ஆனால் எண்களை வைத்து எப்படி வழி கண்டுபிடிப்பது? இதற்கு நம் தபால் இலாகாவைப் பார்த்தால் போதும். 1972 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பின்கோடு வந்தது. ரமணாசிரமம் அஞ்சலகத்தின் பின்கோடு 606603. டெல்லியில் தபால் பிரிப்பவருக்கு ரமணாசிரமம் எங்கே என்று தெரிய வேண்டியதே இல்லை. முதல் எண் 6 என்று பார்த்ததும் 'தமிழ்நாடு, கேரளா பக்கம்' என்று தெற்கே போகும் பையில் போட்டுவிடுவார். இங்கே வந்த பிறகு, 606 என்ற மூன்று எண்ணைப் பார்த்து எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். கடைசி மூன்று எண் எங்கள் ஊர்ப் பக்கம் வந்த பிறகுதான் வேண்டியிருக்கும்.

ரூட்டரிடமும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. 'இந்த எண்ணில் தொடங்கும் முகவரி என்றால் இந்தக் கம்பியில் விடு, அந்த எண்ணில் தொடங்கினால் அந்தக் கம்பியில் விடு' என்று. உலகம் முழுவதற்குமான பெரிய ரூட்டர்களில் இந்தப் பட்டியல் ஏறக்குறைய பத்து லட்சம் வரிகள்! ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் எதை எடுக்கும் தெரியுமா? எது இன்னும் துல்லியமாகச் சொல்கிறதோ அதை. 'திருவண்ணாமலை' என்று ஒரு பையும் 'ரமணாசிரமம் அஞ்சல்' என்று ஒரு பையும் இருந்தால் என் கடிதத்தை எதில் போடுவீர்கள்? இரண்டாவதில்தானே? இந்தச் சின்ன விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதனால் ஒருநாள் உலகமே தவித்த கதை ஒன்று பின்னால் வருகிறது.

தெருவில் ஒரு விளையாட்டு

அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் தெருவில் ஒன்பது பிள்ளைகளை ரூட்டர்களாக நிற்கவைத்தேன். இரண்டு கை நீட்டினால் தொட முடிகிறவர்தான் பக்கத்து ரூட்டர். தெருவின் இந்த முனையில் ஒரு பெண், அந்த முனையில் அவள் தம்பி. அவள் ஒரு வாக்கியத்தை எழுதி, பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, எண் போட்டு, 'தம்பிக்கு' என்று எழுதி அனுப்ப வேண்டும். கையில் வந்த சீட்டை 'தம்பி பக்கம்' இருக்கிற யாராவது ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

முதல் ஆட்டத்தில் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது ஆட்டத்தில், நடுவில் நின்ற பையனை உட்காரச் சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம் குழப்பம். பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் 'இங்க வழி இல்ல, அந்தப் பக்கம் குடு' என்று ஒருவருக்கொருவர் சொல்ல, சீட்டுகள் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. யாரும் எல்லாரையும் கூப்பிட்டு உத்தரவு போடவில்லை. கவனித்தீர்களா? பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொன்னார்கள். அவர் தன் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார். ரூட்டர்களும் இப்படித்தான் பேசிக்கொள்கின்றன.

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு தொல்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே சீட்டை 'உன் பக்கம்தான்', 'இல்ல, உன் பக்கம்தான்' என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கிரிவலமாவது பதினான்கு கிலோமீட்டரில் முடிந்துவிடும். இது முடியவே முடியாது! நிஜ ரூட்டர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அதற்காக ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் 'ஆயுள் எண்' எழுதியிருக்கும். பெரும்பாலும் 64 அல்லது 128. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் தள்ளும. எண் பூஜ்யம் ஆனதும் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, 'ஐயா, உங்கள் பொட்டலம் என்னிடம் வந்து செத்துப்போயிற்று' என்று அனுப்பியவருக்கு ஒரு சேதி சொல்லும். வழியில் சுற்றிக்கொண்டே இருக்கும் பொட்டலங்களால் சாலை அடைபடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

நான்காவது ஆட்டத்தில்தான் அழுகை வந்தது. ஒரு குறும்புக்காரப் பையன் 'தம்பி என் பக்கத்துலதான் நிக்கிறான், எல்லாம் இங்க குடுங்க' என்று கத்தினான். எல்லாரும் நம்பிவிட்டார்கள். பன்னிரண்டு சீட்டும் அவன் சட்டைப் பைக்குள்! அந்த முனையில் தம்பி காத்திருந்து காத்திருந்து, 'அக்கா எனக்கு எதுவுமே அனுப்பலை' என்று கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டான். அக்கா அனுப்பித்தான் இருந்தாள். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

இந்த நான்கு ஆட்டங்களும் நிஜ உலகத்தில் நடந்திருக்கின்றன.

முதல் ஆட்டம் 1969-இல் நடந்தது. அமெரிக்காவில் 'ஆர்ப்பாநெட்' என்ற வலையில், அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் சேதி போனது. நடுவில் வழிகாட்ட, ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு பெட்டி. நம் ரூட்டர்களின் பாட்டனார் அது. 'லாகின்' என்று அனுப்ப நினைத்து எல், ஓ என்று இரண்டு எழுத்து அனுப்பியதும் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! நம் நாட்டில் 1986-இல் 'எர்நெட்' என்ற திட்டத்தின் மூலம் ஐ.ஐ.டி.க்கள் போன்ற பெரிய கல்வி நிலையங்களை இணைக்கும் வேலை தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஒன்று. பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 முதல். எங்கள் செங்கம் சாலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். அதனால் இங்கே 'பிரவுசிங் சென்டர்' கடைகள் முளைத்தன. நான் இ-மெயில் கற்றுக்கொண்டது அப்படி ஒரு கடையில்தான், அரை மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து.

மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு, அமெரிக்கா வழியாக!

அந்த நாட்களில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. சென்னையில் மயிலாப்பூரில் ஒருவர் ஒரு கம்பெனியிடம் இன்டர்நெட் வாங்கியிருக்கிறார். தி.நகரில் இன்னொருவர் வேறு கம்பெனியிடம் வாங்கியிருக்கிறார். நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் இரண்டு கம்பெனிகளின் ரூட்டர்களும் இந்தியாவுக்குள் எங்கும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை என்றால்? மயிலாப்பூர்ப் பொட்டலம் கடலுக்கு அடியில் சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ போய், அங்கே இரண்டு கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு முனையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து திரும்பித் தி.நகருக்கு வரும்!

ரூட்டர் மீது தப்பு இல்லை. அதன் பட்டியலில் அந்த வழிதான் எழுதியிருந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடியில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். முப்பதாயிரம் கிலோமீட்டர் சுற்றி வந்தாலும் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஆகும். 'இதுதானே?' என்று தோன்றுகிறதா? ஒரு படத்துக்குள் எத்தனை பொட்டலம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை 'வந்தது, வந்தது' என்று பதில் போக வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அதைவிடப் பெரிய சங்கடம் பணம். கடலடிக் கேபிளில் போகிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நம் கம்பெனிகள் வெளிநாட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. நம் ஊர்ச் சேதியை நம் ஊருக்கே கொண்டுவர அயல்நாட்டுக்குக் காசு!

இதை மாற்ற 2003-இல் 'நிக்ஸி' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் என்று அதற்குப் பொருள். லாப நோக்கம் இல்லாதது. அது செய்தது மிக எளிய வேலை. ஒரு பொது அறை வைத்து, 'எல்லாக் கம்பெனிகளும் உங்கள் ரூட்டரிலிருந்து ஒரு கம்பியை இங்கே கொண்டுவந்து இணையுங்கள். இந்தியப் பொட்டலங்களை இங்கேயே கைமாற்றிக்கொள்ளுங்கள்' என்றது. ஊர்ச் சந்தை மாதிரிதான். முதலில் நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு இடங்களில் இந்தச் சந்தை கூடியது. இன்று நாடெங்கும் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. மயிலாப்பூர்ப் பொட்டலம் சென்னையிலேயே கைமாறித் தி.நகருக்குப் போய்விடும். எல்லாக் கம்பெனிகளும் உடனே ஓடி வந்து சேர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதற்குக்கூட யோசிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டல்லவா?

பேத்தியின் நெற்றி

இரண்டாவது ஆட்டம், அதாவது நடுவில் ஒருவர் உட்கார்ந்துவிட்ட ஆட்டம், 2008-இல் நடந்தது. இது என் சொந்தக் கதையும்கூட.

அந்த ஆண்டு ஜனவரி கடைசியில் லண்டனில் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. முதல் பேத்தி! நான் கூட இருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. பள்ளியிலும் விடுப்பு கிடைக்கவில்லை. 'அம்மா, படம் அனுப்பியிருக்கேன், பாருங்க' என்று போனில் சொன்னாள். பள்ளி விட்டதும் ஓட்டமும் நடையுமாகச் செங்கம் சாலைக் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "டீச்சர், காலையிலேருந்து எதுவும் திறக்க மாட்டேங்குது!"

என்ன நடந்தது தெரியுமா? ஜனவரி 30 அன்று எகிப்து நாட்டில், அலெக்சாண்ட்ரியா நகருக்கு அருகில் கடலுக்கு அடியில் இருந்த இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்துவிட்டன. ஒன்றின் பெயர் 'சீ-மீ-வி 4'. சிங்கப்பூரிலிருந்து சென்னை, மும்பை வழியாகப் பிரான்ஸ் வரை போவது. இன்னொன்று 'ஃப்ளாக்'. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு மேற்கே போகிற பெரும்பாதைகள் இவை. நம் நாட்டின் வெளிநாட்டு இணைப்பில் பாதிக்கு மேல் ஒரே நாளில் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத் துபாய் பக்கத்தில் இன்னொரு கேபிளும் அறுந்தது. அங்கே சில டன் எடையுள்ள, கைவிடப்பட்ட நங்கூரம் ஒன்று கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

மேற்கே வழி இல்லை என்றதும் ரூட்டர்கள் என்ன செய்தன? ஒன்றிடம் ஒன்று சொல்லிக்கொண்டன. கம்பெனி இன்ஜினீயர்களும் ராத்திரி பகல் பார்க்காமல் பட்டியல்களைத் திருத்தினார்கள். மேற்கே போக வேண்டிய பொட்டலங்களில் பெரும்பகுதி கிழக்கே திரும்பியது. சென்னையிலிருந்து கடலடியில் சிங்கப்பூர், அங்கிருந்து பசிபிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்கா, அதற்கும் அப்பால் ஐரோப்பா. கூட்டம் எல்லாம் ஒரே சாலையில் சேர்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? தீபத்தன்று செங்கம் சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரையில் வெள்ளைக் கட்டம் மட்டும். பிறகு மேலே ஒரு பட்டை தெரிந்தது. துணித் தொப்பி. கொஞ்ச நேரம் கழித்து நெற்றி. அப்புறம் நின்றுவிட்டது. "ரீலோடு பண்ணாதீங்க டீச்சர், வந்தது போயிடும்" என்றார் கடைக்காரத் தம்பி. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மூடிய கண்கள் வந்தன. மூக்கு வந்தது; எங்கள் வீட்டு மூக்குதான். கடை மூடும் நேரத்தில் கன்னமும் வாயும் வந்து சேர்ந்தன. அந்தத் துண்டுகள் எந்தெந்தக் கடலைத் தாண்டி வந்தனவோ! தம்பி அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

கேபிள்களைச் சரிசெய்யக் கப்பல்கள் போய், சுமார் பத்து நாளில் நிலைமை சீரானது. அந்தக் குழந்தைக்கு இப்போது கல்லூரிக்குப் போகும் வயது. இந்தக் கதையைச் சொன்னால், 'பாட்டி, நான் ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பா வந்தேனா?' என்று சிரிக்கிறாள்.

நம்பிக் கெட்ட இரண்டு மணி நேரம்

குறும்புக்காரப் பையன் ஆட்டமும் அதே 2008-இல்தான் நடந்தது. பிப்ரவரி 24. பாகிஸ்தான் அரசு யூடியூப்பைத் தன் நாட்டில் தடை செய்யச் சொன்னது. அங்குள்ள தொலைபேசி நிறுவனம் தன் ரூட்டர்களிடம், 'யூடியூப் முகவரி வந்தால் என் பக்கம் அனுப்பு' என்று எழுதிவைத்தது. வருகிற பொட்டலங்களைக் குழியில் தள்ளிவிடுவதுதான் திட்டம். தன் நாட்டோடு நின்றிருந்தால் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தச் சேதி தவறிப்போய் ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் ரூட்டருக்குப் போனது. அது நம்பி, தன் பக்கத்தவர்களிடம் சொன்னது. அவர்கள் தங்கள் பக்கத்தவர்களிடம்...

உண்மையான யூடியூப்பும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஏன் உலகம் பொய் வழியை நம்பியது? முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த விதிதான். யூடியூப் 'திருவண்ணாமலை' என்கிற மாதிரி அகலமான முகவரியைச் சொல்லியிருந்தது. பொய்ச் சேதியோ 'ரமணாசிரமம் அஞ்சல்' என்கிற மாதிரி குறுகலாக, துல்லியமாக இருந்தது. ரூட்டர்கள் துல்லியமானதைப் பிடித்துக்கொண்டன. உலகின் பெரும்பகுதியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் யூடியூப்பே இல்லை! யூடியூப் இன்ஜினீயர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதைவிடக் குறுகலான முகவரிகளை அறிவித்தார்கள். 'ரமணாசிரமம் அஞ்சல், இன்ன தெரு' என்கிற மாதிரி. கடைசியில் ஹாங்காங் நிறுவனம் பொய் வழியைத் துண்டித்ததும் எல்லாம் சரியாயிற்று.

கம்பெனிக்குக் கம்பெனி ரூட்டர்கள் வழி சொல்லிக்கொள்ளும் இந்த முறை 1989-இல் பிறந்தது. யாகோவ் ரெக்டர், கிர்க் லாஹீட் என்ற இரண்டு இன்ஜினீயர்கள் சாப்பாட்டு நேரத்தில் கை துடைக்கும் காகிதத்தில் எழுதியது அது. கொஞ்ச நாளைக்குத் தாங்கினால் போதும் என்றுதான் நினைத்தார்களாம். இன்றும் உலகம் அதில்தான் ஓடுகிறது. அன்றைக்கு ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்தான் வலையில் இருந்தார்கள். அதனால் யார் எது சொன்னாலும் நம்பலாம் என்றே எழுதிவிட்டார்கள். இப்போது, முகவரிக்குச் சொந்தக்காரர் யார் என்று கையொப்பம் போட்டுப் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. 2024-இல்தான் உலகப் பட்டியலில் பாதி வரிகளுக்கு மேல் அந்தப் பதிவு முடிந்தது. மற்றவை இன்னும் பழையபடி, பக்கத்து வீட்டார் சொல்லை நம்பித்தான்.

நீங்களே பார்க்க வேண்டுமா? வீட்டிலோ பள்ளியிலோ விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால், பெரியவர்கள் துணையோடு 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்புப் பெட்டியைத் திறங்கள். டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்ற ஏழு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டி என்டர் அழுத்துங்கள். உங்கள் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே ஆயுள் எண் 1 போட்டுப் பொட்டலத்தை அனுப்பும். அது முதல் ரூட்டரிலேயே செத்துப்போகும். அந்த ரூட்டர் தன் முகவரியோடு சேதி சொல்லும். பிறகு ஆயுள் 2. இரண்டாவது ரூட்டர் சேதி சொல்லும். இப்படியே வழியில் இருக்கும் முனைகள் வரிசையாகத் திரையில் வந்துவிடும். எவ்வளவு தந்திரம் பாருங்கள்!

எங்கள் தெருப் பிள்ளைகளோடு இதைச் செய்தபோது, முதல் வரியில் எங்கள் வீட்டு வைஃபை பெட்டியே வந்தது. எல்லாரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். அடுத்த வரிகளில் எங்கேயோ இருக்கும் முனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆறாவது வரியில் எண்ணே இல்லை. மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும்.

"டீச்சர் பாட்டி, இவர் மட்டும் ஏன் பதில் சொல்லலை?" என்று கேட்டான், அன்றைக்குச் சீட்டுக்காகக் கண்ணைக் கசக்கிய அந்தத் தம்பி.

சில ரூட்டர்களைப் பதில் சொல்லாதபடி அமைத்துவைத்திருப்பார்கள் என்றேன். பொட்டலத்தை மட்டும் வாங்கி அடுத்த முனைக்குத் தள்ளிவிடும். தன் பெயரைச் சொல்லாது.

அதற்குள் ஏழாவது வரி வந்துவிட்டது.